வெள்ளிக்கிழமை அமுங்காத பட்டன்

பனியன் கம்பெனியில் உன் மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அம்மா, "கம்ப்யூட்டர்ல குத்தம் கண்டுபிடிக்கிற வேலைங்க" என்பாள். கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொருத்தமான வேலைதானுங்க" என்பார்கள். எனக்கு வாய் நீளம் என்பது குன்னத்தூர் வரைக்கும் தெரிந்த விஷயம். வாய்க்குச் சளைக்காத கை ஒருநாள் ஒரு வரி மெயில் எழுதியது. "ஆர்டர் ஸ்கிரீனில் கோளாறு எதுவும் இல்லை." அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணுக்கு நாற்காலி போயிற்று. அதைத் திரும்ப வாங்கிக் கொடுக்க ஒரு பிளகினோடு நான் மல்லுக்கட்டிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனி திருப்பூரில், அனுப்பர்பாளையம் போகிற வழியில் இருக்கிறது. கீழே தையல், முதல் மாடியில் செக்கிங்கும் பேக்கிங்கும், அதற்கு மேலே ஆபீஸ். ஆபீஸின் மூலையில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் சாஃப்ட்வேர் ஆட்கள் நாங்கள் நான்கு பேர். கம்பெனிக்கென்றே எழுதிய புரோகிராம் ஒன்று இருக்கிறது. பிரவுசரில் திறந்து வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டு பையர் ஒரு ஆர்டர் கொடுத்தால் அதை முதலில் இந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும். ஸ்டைல், கலர், சைஸ், எத்தனை பீஸ் என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டுக் கீழே வலது மூலையில் இருக்கும் 'சேவ்' பட்டனை அழுத்தினால் ஆர்டருக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண் இல்லாமல் நூல் வாங்க முடியாது. நிட்டிங் மெஷினில் துணி ஓட்ட முடியாது, சாயத்துக்கு அனுப்ப முடியாது. மொத்தக் கம்பெனியும் அந்த ஒரு பட்டனில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

என் வேலை டெஸ்டிங். புரோகிராமர்கள் மூன்று பேரும் ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று இரண்டைக் கெடுத்து வைப்பார்கள். கெட்டதா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கையால் பார்த்தால் விடிந்துவிடும் என்பதால் மெஷினே பார்க்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். பிரவுசர் தானாகத் திறக்கும், பாஸ்வேர்டு தானாக விழும், கட்டங்கள் தானாக நிரம்பும், பட்டன் தானாக அமுங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் பச்சை, எங்கேயாவது தடுக்கினால் சிவப்பு. முதல்முறை இதைப் பார்த்த மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ஏனுங் மேடம், சாமி வந்து ஆடற மாதிரி இருக்குதுங்களே" என்றார். பவ்யமான மனிதர். எங்கள் ஊரில் வசவுக்குக்கூட வாலில் 'ங்க' உண்டு. அவருக்கு இரண்டு வால்.

இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட டெஸ்ட்களில் ஒன்றே ஒன்று மட்டும் என் உயிரை வாங்கியது. புது ஆர்டர் திறக்கும் டெஸ்ட். பாதி நாள் பார்த்தால் பச்சை. திடீரென்று ஒருநாள் மத்தியானம் சிவப்பு. சரி என்று ஒரு மணிநேரம் கழித்து ஓட்டினால் மறுபடி பச்சை. மறுநாள் வேறொரு நேரத்தில் சிவப்பு. சுத்தமான மாப்பிள்ளை முறுக்கு. என்ன கோபம் என்று சொல்லாது, கொஞ்ச நேரம் கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகச் சரியாகி வந்து உட்காரும். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பட்டனுக்கு முன்னால் முப்பது விநாடி காத்திரு என்று எழுதினேன். தோற்றால் மூன்று தடவை முயற்சி செய் என்று எழுதினேன். அப்படியும் சிவந்தால் நெட் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நாற்காலியை இழந்த அந்தப் பெண் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம். அம்மாவும் மகளுமாக வந்து, அம்மா கீழே தையலிலும் மகள் மேலே கம்ப்யூட்டரில் விவரம் அடிக்கும் எண்ட்ரியிலும் சேர்ந்தார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச். மற்ற நாள் தவறாமல் எட்டரைக்கு நாற்காலி. டைப் அடித்தால் கீபோர்டு கெஞ்சும். என்னை 'எக்கா' என்று கூப்பிடுவாள். இதென்ன கூத்து என்று முதலில் சிரித்தேன், பிறகு அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை. குழந்தைகள் நைட் டிரஸ் ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அவள் கைக்கு வந்த முதல் புது ஆர்டர். நூல் மில்காரர், "பன்னெண்டு மணி வரைக்கும் உங்களுக்காக நூலை நிறுத்தி வெக்கறனுங்க, ஆர்டர் நம்பரை அனுப்பிடுங்க" என்று சொல்லியிருந்தார். மேனேஜர் பத்து மணிக்கே தாளை அவள் மேசையில் வைத்துவிட்டுச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டார். அவள் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுப் பத்தே முக்காலுக்கு அந்தத் தாளை எடுத்திருக்கிறாள். பதினொரு மணிக்கு என் கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"எக்கா, சேவ் பட்டன் அமுங்க மாட்டேங்கு. வந்து ஒரு எட்டு பாருங்கக்கா. அவசரம்."

"எல்லாக் கட்டமும் ரொப்புனியா?"

"ரொப்பியாச்சுக்கா. வெளிய போயி உள்ள வந்தும் பாத்துட்டேன். அமுங்கல."

"சரி போ, கையில இருக்கறத முடிச்சுட்டு வர்றேன்."

கையில் அப்போது என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பன்னிரண்டு பத்துக்குப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன், பட்டனை அழுத்தினேன். சமர்த்தாக அமுங்கியது. ஆர்டர் எண் வந்து விழுந்தது.

"நல்லாத்தானே அமுங்குது?" என்றேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அமுங்கலக்கா" என்றாள். மில்காரர் பன்னிரண்டு அடித்ததுமே நூலை வேறு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். அந்த நூல் மறுபடி கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை இரண்டு நிட்டிங் மெஷின்கள் சும்மா நின்றன.

மேனேஜர் திரும்பி வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அதென்னங் கண்ணு, ஒரு மணி நேரமா ஒரு பட்டன அமுத்த முடியலீங்களா? போன்ல பேசிட்டு இருந்தீங்களாக்கும்" என்றார். இல்லை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். என்னிடம் திரும்பி, ஸ்கிரீனில் கோளாறு உண்டா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். நானும் எழுத்தில் கொடுத்தேன். ஆபீஸ் முழுக்கப் போகும் மெயிலில் அந்த ஒரு வரி. திங்கட்கிழமை அவளைக் கீழே செக்கிங் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளட்டும் என்றும் பேச்சு. பொய் சொல்லுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மேனேஜர் எல்லோரிடமும் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதுதான் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அவளைப் பார்த்தேன். கையில் அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவார்கள். என்னைப் பார்த்ததும், "எக்கா, நான் பொய் சொல்லலக்கா. அம்மைகூட நம்ப மாட்டேங்கா" என்றாள். நான் "சரி, சரி" என்று பாட்டிலைக்கூட முழுதாக நிரப்பாமல் மேலே வந்துவிட்டேன்.

மேலே வந்தால் என் மாப்பிள்ளை டெஸ்ட் மறுபடி சிவந்து கிடக்கிறது. மணி மூன்று இருபது. எரிச்சலோடு பிழைச் செய்தியைத் திறந்தேன். இதற்கு முன் இருபது தடவையாவது அதைக் கடந்து போயிருப்பேன். அன்றைக்குத்தான் வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். 'சேவ்' பட்டனை அழுத்த முடியவில்லை, பட்டன் செயலில் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. அந்தப் பெண் சொன்ன அதே வாக்கியம். எனக்குச் சுருக்கென்றது. மாதக்கணக்கில் மெஷின் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. மெஷின் போனில் பேசிக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லவில்லை, அதை யாரும் செக்கிங்குக்கு அனுப்பவும் இல்லை.

சனிக்கிழமைக்குள் அந்தப் பட்டன் ஏன் அமுங்கவில்லை என்று கண்டுபிடித்தாக வேண்டும். சிவப்பு ஏன் வந்தது என்று தெரியாதது, அது வந்த நேரத்தில் திரையில் என்ன இருந்தது என்று பார்க்க முடியாததால்தான். இதற்கென்றே டெஸ்ட் கருவியோடு மாட்டிக்கொள்ளும் ஒரு குட்டிப் புரோகிராம், பிளகின், உண்டு. டெஸ்ட் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் திரையைப் படம்பிடித்து வைக்கும். பிறகு சாவகாசமாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கலாம், எந்தப் பட்டன் எந்த நிமிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லும், எந்த வரி அப்படிச் செய்தது என்றுகூட அம்பு போட்டுக் காட்டும். அதன் பக்கத்தில், 'இரண்டே வரிகள் சேர்த்தால் போதும்' என்று எழுதியிருந்தது. எழுதின மகராசன் யாரோ, அவன் கையைக் காட்டினால் வளையல் போட்டுவிடுவேன்.

அந்த இரண்டு வரிக்கு முன்னால், டெஸ்ட் ஓட்டும் கருவியைப் புதுப்பிக்க வேண்டும் என்றது. புதுப்பித்தேன். உடனே பிரவுசர் பழசு என்றது. பிரவுசரைப் புதுப்பித்தால், இவ்வளவு புதுசு எனக்கு ஆகாது, ஒரு படி இறங்கி வா என்றது. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்த காலத்தில்கூட நான் இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. கடைசியில் எல்லாம் ஒத்துவந்து, இரண்டு வரிகளையும் எழுதி, புதன்கிழமை காலையிலிருந்து காத்திருந்தேன். பன்னிரண்டே முக்காலுக்கு டெஸ்ட் சிவந்தது. சிவப்பைப் பார்த்துச் சந்தோஷத்தில் கைதட்டிய டெஸ்டர் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். பதிவைத் திறந்தேன். வெறும் வெள்ளை. ஒரு படம்கூட இல்லை.

இரண்டு வரியையும் ஒரே கோப்பில் எழுதியிருந்தேன். ஒன்று ஒரு கோப்பிலும் இன்னொன்று வேறொரு கோப்பிலும் இருக்க வேண்டுமாம். தப்பாக எழுதியிருக்கிறாய் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறது, வேலையும் செய்ய மாட்டேன் என்கிறது. வாயைத் திறந்து சொன்னால்தான் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்? என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பக்கத்து சீட் புரோகிராமர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒன்று ஐம்பதுக்குச் சிவந்தபோது பிளகின் விழித்துக்கொண்டது. விழித்தது மட்டுமா? சும்மா பச்சையாக ஓடிய டெஸ்ட்களையும் சேர்த்து, காலையிலிருந்து ஒவ்வொரு அடியையும் படம்பிடித்துக் குவித்துச் சர்வரின் டிஸ்க்கை ரொப்பி வைத்திருந்தது. கடைசியில் எனக்கு வேண்டிய படத்தை வைக்க மட்டும் இடமில்லை. சர்வர் படுத்துவிட்டது. மாடி முழுக்க, "ஏனுங், புரோகிராம் தொறக்க மாட்டீங்குதே" என்று குரல்கள். மேனேஜர் வந்து, "பரவால்லீங்க மேடம், நீங்க ஆராய்ச்சி பண்ணுங்க, நாங்க காத்திருக்கறோம்" என்றார். இரண்டு வால் போட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தேன். தோற்ற டெஸ்ட்களை மட்டும் பதிவுசெய், நான் கேட்டால் மட்டும் பச்சையைப் பதிவுசெய் என்று மாற்றி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பத்து நாற்பத்திரண்டுக்குச் சிவந்தது. இந்தத் தடவை முழுசாக மாட்டிக்கொண்டது. அடி அடியாக ஓட்டினேன். ஸ்டைல் நிரம்புகிறது, கலர் நிரம்புகிறது, சைஸ் நிரம்புகிறது, ஒரு கட்டம் பாக்கியில்லை. பட்டன் மட்டும் வெளுத்துச் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. மவுஸ் வந்து அழுத்துகிறது, அது கல் மாதிரி இருக்கிறது. ஒரு செய்தி கிடையாது, ஓர் எச்சரிக்கை கிடையாது. பதினொன்றே காலுக்கு மறுபடி ஓட்டினேன், அதே சாம்பல். பன்னிரண்டு ஐந்துக்கு ஓட்டினேன். அதே கட்டங்கள், அதே எழுத்துகள், பட்டன் மட்டும் பளிச்சென்று நீலம்.

வாரம் முழுக்கச் சிவந்த நேரங்களை வரிசையாக எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. தாளைத் தேடினேன். சுவரில் நூல் கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர். யாரும் கிழிக்காமல் முந்தின நாள் தாளே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். செவ்வாய் மூன்று இருபது. புதன் பன்னிரண்டே முக்கால். வியாழன் ஒன்று ஐம்பது. வெள்ளி பத்து நாற்பத்திரண்டு, பதினொன்றே கால். ஒன்றும் விளங்கவில்லை. தாளைத் திருப்பினேன். வியாழக்கிழமை, இராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை என்று அச்சடித்திருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, இராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

அடப்பாவிகளா!

பிளகின் காட்டிய வரியைப் பிடித்துக்கொண்டு புரோகிராமுக்குள் போனேன். எனக்கு முன்னால் இங்கே இருந்து, பிறகு வேலை மாறிப் போய்விட்ட ஒரு புரோகிராமர் எழுதிய மூலை. ஏழு கிழமைக்கும் ஏழு வரி. அந்தந்த நேரத்தில் புது ஆர்டரின் சேவ் பட்டன் அணைந்துவிடும். மேலே ஒரு குறிப்பு, 'முதலாளி சொன்னபடி.' திரையில் ஏன் ஒரு செய்திகூடப் போடவில்லை என்றும் அதன் கீழேயே எழுதியிருந்தார், 'பையர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.' மனிதர் மானஸ்தர்.

விழுந்து விழுந்து சிரித்தேன். இத்தனை வருடமாக இது ஒருவர் கண்ணிலும் படவில்லை! எப்படிப் படும்? திருப்பூரில் ராகு காலத்தில் எவன் புது ஆர்டர் திறப்பான்? முதலாளி திறக்க மாட்டார், மேனேஜர் திறக்க மாட்டார், பழைய எண்ட்ரி ஆட்கள் ஒருவரும் திறந்ததில்லை. இந்தக் கட்டிடத்திலேயே ராகு காலம் பார்க்காதவர்கள் இரண்டே பேர், என் மெஷினும் அந்தத் தூத்துக்குடிப் பெண்ணும்.

மூன்றாவதாக என்னையும் சேர்த்துத்தான் எண்ணினேன். வீட்டிலும் அந்தப் பெண்ணிடமும் நான் பேசாத பேச்சா? பொண்ணு பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்றுகொண்டு நேரம் பார்த்தபோது, "ராகுவுக்கு வாட்ச் ஆரு வாங்கிக் குடுத்தாங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டு அம்மாவிடம் கிள்ளு வாங்கியவள் நான். அந்தச் சிரிப்போடேயே போன வாரத்து என் மெயிலைத் திறந்தேன், அதன் கீழேயே உண்மையை எழுதி மேனேஜருக்குச் சுடச்சுட அனுப்பலாம் என்று. அனுப்பிய நேரம் வெள்ளி, பன்னிரண்டு இருபத்தைந்து.

சிரிப்பு நின்றது. அவள் என்னைக் கூப்பிட்டது பதினொன்றுக்கு. பன்னிரண்டு அடிக்கும் வரை எந்த வேலையை முடித்தேன்? அந்த வெள்ளிக்கிழமை நான் செய்ததை எல்லாம் தோண்டிப் பார்த்தேன். அந்த ஒரு மணிநேரத்தில் ஒரு மெயில் இல்லை, ஒரு டெஸ்ட் எழுதவில்லை. டீ குடித்திருக்கிறேன், பழைய கோப்புகளை அடுக்கியிருக்கிறேன். புதிதாக எதையும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நான் எப்போதுமே அப்படித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. புது டெஸ்ட் எழுதுவதானால் பன்னிரண்டுக்கு மேல். புது பாஸ்வேர்டு போடுவதுகூடப் பன்னிரண்டுக்கு மேல். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் நினைத்ததில்லை, கை பாட்டுக்குச் செய்திருக்கிறது. வாய்தான் ஊரெல்லாம் பகுத்தறிவு பேசிக்கொண்டு திரிந்திருக்கிறது. பதினொன்றுக்கே எழுந்து போயிருந்தால் அந்தச் சாம்பல் பட்டனை என் கண்ணாலேயே பார்த்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைவிட என் மேல் பரிதாபமாக வந்தது, அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

மத்தியானம் மேனேஜரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் மேற்கூரையைப் பார்த்தார். "முதலாளிகிட்ட நேர்லயே காட்டிடுங்க மேடம்" என்றார். மறுநாள் சனிக்கிழமை, அவளுக்குக் கடைசி நாள். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை வரை. முதலாளி என்றைக்குமே சனிக்கிழமை பத்தரைக்கு முன்னால் ஆபீஸ் படி ஏறியது கிடையாது. ராகு காலத்தில் மட்டும் நடக்கும் கோளாறை, ராகு காலத்தில் காலெடுத்து வைக்காத மனிதருக்கு நேரில் காட்டச் சொன்னால் நான் எங்கே போவேன்? பிளகின்தான் காப்பாற்றியது. எழுதின மகராசனுக்கு வளையல் வேண்டாம், மாலையே போடலாம்.

பத்து முப்பத்தைந்துக்கு முதலாளி வந்தார். வயதானவர், மெஷின் சத்தத்திலேயே பாதிக் காது போனவர். லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து அடி அடியாக ஓட்டினேன். சாம்பல் பட்டனைக் காட்டினேன், ஓரத்தில் பதிவான நேரத்தைக் காட்டினேன், ஏழு வரிகளைக் காட்டினேன்.

"அட!" என்று முன்னால் சாய்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இது நாஞ் சொல்லிப் போட்டதுதானுங் கண்ணு. ஒருக்கா ராகு காலத்துல தொறந்த ஆர்டரு கப்பல் ஏறற அன்னிக்கு கேன்சல் ஆயிப்போச்சு. அந்தத் தம்பி போட்டாப்ளயா இல்லியான்னே தெரியாம இருந்தேன். இன்னமும் வேல செய்யுது பாரு!"

"வேல செய்யுதுங்கய்யா" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "அதனாலதானுங்க அந்த எண்ட்ரிப் புள்ளைய கீழ அனுப்பிட்டாங்க. பட்டன் அமுங்கலீன்னு அது சொல்லுச்சு. ஒருத்தரும் நம்பலீங்க. நானே நம்பலீங்க. இன்னியோட அதை நிறுத்தப் போறாங்க."

"ராகு காலத்துல எதுக்கு அமுத்துச்சு?"

"அது சர்ச்சுக்குப் போற புள்ளைங்க. அதுக்கு என்னத்துக்குங்க ராகு காலம்?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மறுபடி மேற்கூரைக்குப் போய்விட்டார். முதலாளி என் பக்கம் திரும்பி, "தப்புதானுங் கண்ணு. அந்தப் புள்ளைய மேல கூப்டுக்கங்க" என்றார். பட்டனை என்ன செய்வது என்று கேட்டேன். "அது இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். வேணும்னா ஏன் அமுங்கலீன்னு ஒரு வரி எழுதிப் போட்டுருங்க" என்றார். எந்த வாயை வைத்துக்கொண்டு வாதாடுவது?

செக்கிங் மேசைக்குப் போனேன். டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு குழந்தைச் சட்டையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டன் ஏன் அமுங்கவில்லை என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேலே வரச் சொல்கிறார்கள் என்றேன். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எக்கா, அன்னைக்கு நீங்க வரும்போது மணி என்ன?"

"பன்னெண்டு பத்து."

"நான் கூப்பிட்டது பதினொண்ணுக்கு."

"ஆமா."

"அவ்வளவு நேரம் என்னக்கா பண்ணுனீய?"

பொய் சொல்ல ஒரு நூறு வழி இருந்தது. வேலை அதிகம் என்றிருந்தால் நம்பியிருப்பாள். "ராகு காலம் போகட்டும்னு இருந்திருக்கறேன். எனக்கே தெரியாது, நேத்துத்தான் தெரிஞ்சுது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "நீங்க அதெல்லாம் பாக்க மாட்டீயன்னுல்லா சொன்னீய" என்றாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்துச் சட்டையில் ஏதோ ஓரிடத்தில் ஒட்டினாள். பிறகு, "கோளாறு இல்லன்னு போட்ட மெயிலு எல்லாருக்கும் போச்சுல்லா? இதையும் எல்லாருக்கும் போடுங்க. நேரம் போட்டு எழுதுங்க. அப்பதான் வருவேன்" என்றாள்.

அந்த மெயிலை எழுத எனக்குப் பிளகினை மாட்டியதைவிட அதிக நேரம் ஆனதுபோல் இருந்தது. கோளாறு ஸ்கிரீனில் இருந்தது என்று எழுதினேன். எண்ட்ரியில் இருந்தவர் சொன்னது முழுக்க உண்மை, அவர் கூப்பிட்டது பதினொரு மணி, நான் போனது பன்னிரண்டு பத்து, ராகு காலம் முடியட்டும் என்று நான் உட்கார்ந்திருந்ததால் உண்மை தெரியாமல் போனது, தப்பு என்னுடையது என்று எழுதினேன். ஆபீஸ் முழுக்க அனுப்பினேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் மேனேஜர், "ஏனுங் மேடம், டீ குடிக்க நேரம் நல்லாருக்குதுங்களா?" என்றார். சுற்றிலும் சிரித்தார்கள். கேட்க வேண்டியதுதான் என்று கேட்டுக்கொண்டேன்.

அவள் மேலே வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சேவ் பட்டன் அணைந்திருக்கும்போது பக்கத்தில் இப்போது ஒரு வரி தெரிகிறது, 'ராகு காலம், பிறகு முயலவும்.' அந்த வரி சரியாக வருகிறதா என்று பார்க்கவும் ஒரு டெஸ்ட் எழுதியிருக்கிறேன். ஒருநாள்கூடச் சிவந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்ணாடித் தடுப்பு தட்டும் சத்தம் கேட்டது. அவள்தான். கையில் ஒரு புது ஆர்டர் தாள்.

"எக்கா, பட்டன் அமுங்கல. ராகு காலம்னு வருது."

"அதுதான் எழுதியே போட்டிருக்கே. பன்னெண்டு மணிக்கு மேல போடு, ஒண்ணும் அவசரமில்ல."

"போடுதேன். ஆனா பட்டன் அமுங்கலன்னு நீங்க இப்பவே ஒரு மெயிலு போட்டுருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மணி பதினொன்று ஐந்து. கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு மெயிலைத் திறந்தேன்.